நூறு யூனிட்டுக்குள்

மின்சார வாரியத்தின் கட்டணப் பிரிவு அதிகாரிக்கு அலுவலகத்தில் ஸ்லாப் சார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், உள்ளுக்குள் பெருமைதான். மாதம் நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குப் பாதிக் கட்டணம், நூறைத் தாண்டினால் ஒரு யூனிட்டுக்கும் சலுகை கிடையாது என்கிற முதல் ஸ்லாப், அவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் கொண்டுவந்தது. அதற்காக அவர் பிடிக்காத கால் இல்லை. ஏழை வீட்டு விளக்கை அணையாமல் காக்கும் திட்டம் என்று ஒரு பத்திரிகை எழுதியதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உத்தியோகத்தில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தவரே அபூர்வம் என்பதால், அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஸ்லாபுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. வாரியம் நஷ்டத்தில் ஓடியது. கட்டணத்தை அலசிப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சேர்மன் கூட்டத்தில் விஷயத்தை உடைத்தே பேசினார்.

“ஏத்தித்தான் ஆகணும், அது நமக்கே தெரியும். ஆனா வெளியாள் வந்து ஏத்தச் சொன்னா திட்டு அவங்களுக்குப் போகும். அதுக்குத்தான் இந்த ஆலோசகர்.”

“முதல் ஸ்லாப் சார்?” என்றார் ஸ்லாப் சார்.

“அதையும் தூக்கச் சொன்னா தூக்க வேண்டியதுதான். நம்ம கையில என்ன இருக்கு?”

டெண்டர் எழுதும் வேலை ஸ்லாப் சார் தலையில் விழுந்தது. அந்த வாரியத்தில் யாரும் டெண்டரைப் புதிதாக எழுதுவதில்லை. போன டெண்டரை எடுத்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி அனுப்புவார்கள். போன டெண்டர் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் வாங்குவதற்கானது. அதனால், ஆலோசகராக வர விரும்புகிறவர்கள் விலைப்புள்ளியுடன் மூடி இறுக்கிய பாட்டிலில் ஒரு லிட்டர் சாம்பிளும் தர வேண்டும் என்ற வரி அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு நிறுவனத்திலிருந்து போன் செய்து, சாம்பிளுக்கு எதைப் பிடித்து அனுப்புவது என்று மரியாதையாகவே கேட்டார்கள்.

ஆனால் ஒரு வரியை மட்டும் ஸ்லாப் சார் தானே உட்கார்ந்து யோசித்து எழுதினார். முதல் ஸ்லாபின் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை ஆலோசகர் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். கட்டணப் பிரிவு அதிகாரியும் உடன் சென்று, பார்த்தது உண்மை என்று சான்று தர வேண்டும். அறிக்கையில் சான்று இல்லாத பகுதி செல்லாது. ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு வெட்டத்தான் தோன்றும், அந்த வீடுகளைக் கண்ணால் பார்த்தவனுக்குக் கை வராது என்பது அவர் நினைப்பு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது பாடம் நடத்தினால் இந்த வரியை உதாரணம் காட்டலாம்.

நேர்காணலுக்குக் கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் கோட்டுப் போட்டவர். வீடு வீடாகப் போவதெல்லாம் பழைய முறை, கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றார். இன்னொருவர் தனியாகத் தொழில் செய்யும் பெண்மணி. தேய்ந்த செருப்பு, தோளில் கனமான பை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு மீட்டருக்குக் கீழ எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கா?”

“ஒரு மீட்டர்னா ஒரு குடும்பம்,” என்றார் ஸ்லாப் சார். “இதுல கணக்கெடுக்க என்ன இருக்கு?”

அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். சேர்மனுக்குக் கோட்டுக்காரரைப் பிடித்திருந்தது. ஸ்லாப் சாருக்கோ அந்தத் தேய்ந்த செருப்பைப் பிடித்துப்போய்விட்டது. நடக்கிற ஆள் என்று நினைத்தார். மல்லுக்கட்டி அந்த அம்மாளையே நியமிக்க வைத்தார். நாளைக்கு ஏதாவது என்றால் நீங்கள்தான் பொறுப்பு என்று சேர்மன் சொன்னபோது, தாராளமாக என்றார்.

முதல் ஸ்லாபில் அதிக வீடுகள் இருக்கிற இடத்துக்கு முதலில் போகலாம் என்றார் ஆலோசகர் அம்மாள். போனால் அது ஏரிக்கரையோரம் எழும்பியிருந்த புது அடுக்குமாடிக் கட்டடம். கீழே மீட்டர் அறையில் வரிசையாக மீட்டர்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஓடுகிற மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டும். இங்கே பாதிக்கு மேல் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல எப்போதோ ஒரு தடவைதான் சிமிட்டின.

“இந்த வீட்டுக்காரங்கல்லாம் எங்கே?” என்று ஆலோசகர் அம்மாள் வாட்ச்மேனைக் கேட்டார்.

“லீவுக்கு வருவாங்கம்மா. சில பேர் வாங்கிப் போட்டதோட சரி, எட்டிக்கூடப் பார்த்ததில்ல. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்.”

“இது ஏதோ விதிவிலக்கு,” என்றார் ஸ்லாப் சார். அடுத்த கட்டடத்திலும் அதையே சொன்னார். அதற்கடுத்த கட்டடத்தில் சொல்லவில்லை.

மத்தியானம் பழைய தெருக்களுக்குப் போனார்கள். சுவரை ஒட்டிச் சுவர், ஒரு வாசலுக்குள் மூன்று அடுப்பு. நடந்து களைத்த ஆலோசகர் அம்மாள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தத் தெருவுல நூறுக்குள்ள ஒரு வீடுகூட இல்லையே சார்.”

ஸ்லாப் சாருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “யார் சொன்னது? என் அக்கா வீடு இந்தத் தெருவுலதான். மாசாமாசம் போன்ல சொல்வாங்க, உன் புண்ணியத்துல கரண்டு பில்லே தெரியலடான்னு. வாங்க, காட்டறேன்.”

ஆலோசகர் அம்மாள் டேப்லெட்டை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். “சரி, வாங்க,” என்றார்.

அக்கா வாசலுக்கே வந்து வரவேற்றாள். முன்னறையில் இருவரையும் உட்கார வைத்து ஃபேனைப் போட்டாள். அதைப் பார்த்து, இடுப்பில் குழந்தையோடு நின்ற சின்ன மருமகள் சிரித்துவிட்டாள். “மாமா வந்தாத்தான் அத்தை இந்த ஃபேனைப் போட விடுவாங்க,” என்றாள். அக்கா முறைத்த முறைப்பில் அவள் உள்ளே போய்விட்டாள்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?” என்று கேட்டார் ஆலோசகர்.

“நானும் அவரும், ரெண்டு பசங்க, அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க. பின்கட்டுல என் நாத்தனார் குடும்பம். பதினோரு பேரு.”

“மீட்டர்?”

“ஒண்ணுதான். இன்னொண்ணு வைக்க வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டேங்கறார்.”

ஸ்லாப் சார் இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பதினோரு பேரோடு பேசிவிட்டுப் போனவர்தான். கணக்கிலேயே காலம் தள்ளிய மனிதருக்கு அந்த ஆட்களை எண்ணிப் பார்க்க மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது மனசுக்குள் ஆளுக்கு இத்தனை யூனிட் என்று பெருக்கிப் பார்த்தார். நூறு எப்போதோ தாண்டியிருந்தது.

“முதல் ஸ்லாப் சலுகை உங்களுக்கு வருதாம்மா?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். “அது என் தம்பி போட்டது,” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “முன்னாடி வந்துச்சு. பெரியவனுக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து இல்ல.”

பெரியவனின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

“அப்புறம் ஏன்க்கா மாசாமாசம் அப்படிச் சொன்னே?” என்றார் ஸ்லாப் சார்.

“உண்மையைச் சொன்னா உன் முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? இப்பப் பாரு, போயிடுச்சு.”

திரும்பி நடக்கும்போது ஆலோசகர் அம்மாள் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இந்தத் தப்பு நடப்பதுதான் என்று மட்டும் சொன்னார். ஸ்லாப் சாருக்கு அது ஆறுதலாகவும் இல்லை. வெட்கமாக இருந்தது, அக்கா மேல் கோபமாகக்கூட இருந்தது.

அறிக்கை வந்தது. மற்ற அத்தியாயங்களை விடுவோம், அவை சேர்மன் எதிர்பார்த்தபடியேதான் இருந்தன. முதல் ஸ்லாப் பற்றிய அத்தியாயம் இரண்டு காரியங்களைச் சொன்னது. ஆள் இல்லாத வீட்டுக்குச் சலுகையை நிறுத்துங்கள். ஆள் இருக்கிற வீட்டில் தலையை எண்ணி, தலைக்கு இத்தனை யூனிட் என்று சலுகை கொடுங்கள்.

சேர்மன் ஸ்லாப் சாரைத் தனியாக அழைத்து டீ வரவழைத்தார். “ஏழைங்களோட ஸ்லாப்ல யாரும் கை வைக்கக் கூடாது சார்,” என்றார். அவருக்கு ஏழைகள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். ஏரிக்கரைக் கட்டடத்தில் அவருக்கு ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. நிதி அதிகாரிக்கு இரண்டு.

“உங்க பேர் சொல்ற திட்டம் அது. ரிட்டையர் ஆகற நேரத்துல உங்களை இப்படி அசிங்கப்படுத்த நான் விட மாட்டேன். நீங்க சான்று தராட்டி அந்த அத்தியாயமே செல்லாது. டெண்டர்லயே அப்படித்தான் இருக்கு, நீங்கதானே எழுதினீங்க?”

உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்லாப் சாருக்குக் கையெழுத்துப் போட மனசே இல்லை. சும்மா இருந்தால் போதும். ஸ்லாப் இருக்கும், பெயர் இருக்கும், கண்ணாடிக்கு அடியில் அந்தப் பத்திரிகைத் துண்டும் இருக்கும். அக்காவும் மாசாமாசம் போன் செய்து அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும், தனக்காக மட்டும் சுற்றுகிற அந்த ஃபேன் ஞாபகம் வந்தது. அதன் காற்றை இத்தனை வருஷம் கூசாமல் வாங்கிக்கொண்டோமே என்று இருந்தது.

“நான் நேர்ல பார்த்தேன் சார்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சேர்மன் முகத்தில் ஈயாடவில்லை. டீயைக் குடிக்கச் சொல்லவும் மறந்துவிட்டார்.

வாரியம் எதையும் முழுசாகச் செய்யாது. ஆள் இல்லாத வீட்டுக்குச் சலுகையை நிறுத்தினால் உடனே வருமானம், மேலிடமும் நெருக்கியது. அதனால் அந்த உத்தரவு வேண்டாவெறுப்பாக வெளியே வந்தது. தலையை எண்ணும் உத்தரவு பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை என்றால் சேர்மன் மேஜையின் இடது பக்கம், அங்கே போன கோப்பு திரும்பியதில்லை.

அடுத்த மாதம் அக்கா போன் செய்தாள்.

“பில்லு வந்துச்சுடா. நல்லாக் குறைஞ்சிருக்கு. எல்லாம் உன் புண்ணியம்.”

ஸ்லாப் சார் சொன்னார்: “உனக்குக் குறையற உத்தரவு இன்னும் வெளியே வரவே இல்லக்கா.”

மறுமுனையில், பின்னால் குழந்தை அழுவதும் யாரோ சமாதானப்படுத்துவதும் கேட்டது.

“அன்னிக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து உன் குரலே சரியில்ல,” என்றாள் அக்கா. “அதான்.”

“எவ்வளவு வந்திருக்கு?”

“விடேன்டா.”

“சொல்லுக்கா.”

சொன்னாள். அவர் ஒரு காகிதத்தை இழுத்து அதை எழுதிக்கொண்டார். அந்த ஸ்லாப் வந்த பிறகு அக்கா அவரிடம் தொகையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“யூனிட் எவ்வளவு போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்,” என்றாள் அக்கா.

அவர் பேனாவோடு காத்திருந்தார்.