ஆறிய தலையணை

விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகி, முழங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். சுருக்கம் போயிற்று. கடல் பக்கத்து அறைகளில் எத்தனையோ வருஷமாக மெத்தை விரிக்கிறாள், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருமா என்பது வேறு விஷயம்.

"வர்ற செவ்வாய்க்கிழமை இந்த ரூம்ல நான் தங்கப் போறேன்" என்றாள்.

குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்த தோழி தலையை நீட்டினாள். வாய் ஓயாமல் வெடிப்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பேர். "வெயில் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

"மழைக் காலத்துல பாதி ரூம் காலியாத்தானே கெடக்குது. வார நடுவுல, காலைச் சாப்பாடு வேணாம்னு சொன்னா மூணுல ஒரு பங்கு வாடகைதான். ரிசப்ஷன் பொண்ணுகிட்ட கேட்டேன். காசு குடுத்து வர்றவங்க எல்லாரும் கெஸ்ட்தான் அக்கான்னுட்டா. அவர் பேர்ல போட்டாச்சு."

"அந்தக் காசுக்கு ஒரு பீரோ வாங்கிப் போடலாமேடி."

"பீரோவுல படுக்க முடியுமா?"

அவள் புருஷனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை, ராத்திரி முழுக்க. இவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான். அவன் மாவு வாசனையோடு திரும்பும்போது இவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். வார லீவும் ஆளுக்கொரு நாள். வீட்டில் ஒரு கட்டில், ஒரு தலையணை. ஒருவர் எழுந்த சூட்டில் இன்னொருவர் படுப்பது. அந்தத் தலையணை ஆறுவதே இல்லை. கல்யாணமான புதிதில் இது சிரிப்பாக இருந்தது. இப்போது எரிச்சலாக வருகிறது. ஒரே ஒரு ராத்திரி, ஒரே கட்டிலில், இரண்டு பேரும் படுத்துத் தூங்கி எழுந்திருக்க வேண்டும். இதைத்தான் அவள் கேட்டாள்.

"வீட்டுலயே தூங்கலாமே" என்றான் அவன்.

"வீடுன்னா நீங்க லீவே போட மாட்டீங்க. பணம் கட்டிட்டா வந்துதானே ஆகணும்."

மத்தியான டீயையும் திரும்பி வரும் பஸ்ஸையும் விட்டு அந்தப் பணத்தைச் சேர்த்திருந்தாள். சூப்பர்வைசரம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை வார லீவு. அதையும் பார்த்துத்தான் நாள் குறித்தாள்.

மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வந்தார்கள். சாயங்காலம் சீக்கிரமே போய் உட்கார்ந்தால் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் அதே சமையல் பாதி விலை. பரிமாற வந்த தம்பி தினமும் அவளோடு மேஜைத் துணி மடிப்புக்குச் சண்டை போடுகிறவன். இன்றைக்குச் சிரிக்காமல், "மேடம், என்ன சாப்பிடுறீங்க?" என்றான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மீனைச் சொன்னாள். கேட்காமலே அவன் அதை உள்ளேயே இரண்டு தட்டாகப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தான்.

புருஷன் ரொட்டியைப் பிட்டு முகர்ந்தான். "நேத்துப் போட்டது. சூடு காட்டியிருக்கான்."

"மெல்லப் பேசுங்க. நாம இப்ப கெஸ்ட்."

அடுப்பு மூட்டும் நேரத்துக்கு அவன் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். தோளைப் பிடித்து இழுத்துப் படுக்கவைத்தாள். விடிந்து வெயில் திரைச்சீலையில் ஏறிய பிறகும் இருவரும் எழவில்லை.

கிளம்பும்போது கை தானாக விரிப்புக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். எந்த கெஸ்ட் மெத்தை விரித்துவிட்டுப் போகிறான்? இன்றைக்கு இந்த அறை பட்டாசின் பங்கு. அவளுக்காக விளக்கடியில் கொஞ்சம் பணம் வைத்தாள்.

"மிச்சம் இருந்ததே அதுதானே" என்றான் அவன்.

"இருக்கட்டும். எங்களுக்கு எத்தனை பேர் வச்சாங்கன்னு எனக்குத்தான் தெரியும். அடுத்த மழைக்கும் வர்றோம்."

அவன் வீட்டுக்குப் போனான். அவளுக்கு அன்றைக்கு மத்தியான ஷிப்ட். யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வந்தபோது பட்டாசின் வண்டி வராந்தாவில் தனியாக நின்றது.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு பாதியில போயிட்டா" என்றாள் சூப்பர்வைசரம்மா. "அவ ரூமெல்லாம் நீ பாத்துடு." முதல் அறையே அதுதான். கூடவே உள்ளே வந்தவள் விளக்கடியில் இருந்த பணத்தை எடுத்தாள்.

"மேடம், அது ரூம் க்ளீன் பண்றவங்களுக்கு வச்சது."

"கெஸ்ட் வச்சிட்டுப் போற காசு பொதுப் பெட்டிக்கு. புதுசா கேக்குற?"

உடைந்த தம்ளர், கிழிந்த துண்டு என்று பிடித்ததுபோக மிச்சத்தை வருஷக் கடைசியில் பங்கு வைப்பதாகப் பேச்சு. மிச்சத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"அந்த கெஸ்ட் நான்தான் மேடம். ராத்திரி நானும் அவரும்தான் தங்கினோம். பில்லு இருக்கு. பட்டாசுக்குன்னு வச்சேன்."

சூப்பர்வைசரம்மா அவளையும் கலைந்த கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "காசு குடுத்துத் தங்கினியா?"

"ஆமா."

"அப்ப கெஸ்ட்தான். கெஸ்ட் காசு பெட்டிக்கு." பணத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுத்த ஆளுங்க கீழ காத்திருக்காங்க. சீக்கிரம்."

"பெட்டி தெறக்கறப்ப வந்து கேப்பேன் மேடம்."

சூப்பர்வைசரம்மாவின் செருப்புச் சத்தம் வராந்தாவில் போனது.

இரண்டு தலையணைகள். இரண்டிலும் தலை பதிந்த குழி. தன்னுடையதைத் தட்டி உறையை உருவினாள். அவன் பக்கத்துத் தலையணையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. அதையும் தட்டினாள். பிறகு, மெத்தையில் உட்காராமல், எட்டிக் குனிந்து விரிப்பை உருவினாள்.