மனுதாரரும் ஆட்சேபித்தவரும் ஒரே முகவரி

1

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். பேருந்து அட்டையைப் புதுப்பிக்க நகர மன்றத்துக்குப் போயிருந்தேன். வெளியே மழை. உள்ளே உரிமக் குழு கூடியிருந்தது. வெப்பக் குழாயை ஒட்டிய பார்வையாளர் நாற்காலி காலியாகக் கிடக்கவே உட்கார்ந்துகொண்டேன். அப்போது எழுத்தர் சொன்னார்:

"தலைவரம்மா, மனுப் போட்டவங்க முகவரியும் ஆட்சேபணை போட்டவர் முகவரியும் ஒண்ணாவே இருக்கு."

அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. மீதியை, நான் எழுத உட்கார்ந்தபோது, அவர்கள் என் சமையலறையில் வந்து பேசினார்கள். பேசினால்தான் எனக்குக் கதை.

2

முதல் தொடக்கம்: ‘பான்ட்ஹெலிக் பள்ளத்தாக்கைப் பனி மெல்லப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு’ [வேண்டாம். போர்த்தட்டும், அவர்களுக்கென்ன.]

இரண்டாவது: ‘இரவு பதினொன்றுக்கு மேல் சாப்பாட்டைச் சூடாக விற்றால் உரிமம் வேண்டும், ஆறியதை விற்றால் வேண்டாம்.’ [உண்மைதான். ஆனால் இது சட்டம். கதைக்கு ஆள் வேண்டும்.]

ஆள்: நெஸ்டா. ரயிலடிக்கு எதிரே இருபத்தாறு வருடமாக மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிறாள். கீழே கடை, மாடியில் வீடு. ரயில் நேரத்தை மாற்றியதிலிருந்து மாலை வியாபாரம் பாதியாகிவிட்டது. கடைசி ரயில் இப்போது பதினொன்றேகாலுக்கு வருகிறது. இறங்குகிறவர்கள் விளக்கணைத்த கடையின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலையில் கண்ணாடி துடைக்கும் அவளுக்கு அந்த மூக்குத் தடங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்படியே போனால் அடுத்த வருடம் கடை இருக்காது. ஞாயிறு தவிரப் பன்னிரண்டரை வரை திறக்க அனுமதி கேட்டு மனுப் போட்டாள்.

மனுவை வெளிர்நீலத் தாளில் அச்சிட்டு இருபத்தெட்டு நாள் வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். ஒட்டியது அவள் கணவன் ஹெவின்.

"நேரா இருக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கு. ஐயோ, உன் இடது இல்ல, என் இடது."

இருபத்தேழாம் நாள் மன்றத்துக்கு ஆட்சேபணை போயிற்று. அதன் நகல் நெஸ்டாவுக்குத் தபாலில் வந்தது. கொண்டுவந்த தபால்காரரும் அதே ஹெவின்தான். உறையைக் கடை மேடையில் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் சைக்கிளில் ஏறிவிட்டார். அவள் பிரித்தாள். முப்பத்தோரு வருடமாகப் பழகிய கையெழுத்து.

3

இந்த இடத்தில் எனக்கு ஹெவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர் மன்றத்துக்கு எழுதுவாரா? அவரையே கேட்டேன்.

"ஏங்க, வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

"எப்பங்க சொல்றது? நாலு மணிக்கு எழுந்து போறேன். ரெண்டு மணிக்கு வந்தா அவ கிழங்கு சீவற மெஷினை ஓட்டிக்கிட்டு இருக்கா. அந்தச் சத்தத்துல வீடு தீப்பிடிச்சாக்கூடச் சொல்ல முடியாது. ஒன்பதுக்கு நான் படுத்துடறேன்."

"சீட்டு எழுதி வெச்சிருக்கலாம்."

"எழுதித்தானே வெச்சேன்."*

* மன்றத்துக்கு எழுதினால் பதில் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

4

விசாரணை. மூன்று உறுப்பினர்கள். தலைவி கிளெனிஸ்.

"யாருக்காவது இந்தக் கடையோட சம்பந்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"வெள்ளிக்கிழமை மீன் வாங்கறேன்," என்றார் ஒருவர்.

"நான் செவ்வாயும்," என்றார் அடுத்தவர்.

"நான் சொல்லவே வேணாம், உடம்பே சொல்லுது," என்றார் கிளெனிஸ். " மூணு பேரும் எழுந்து போயிட்டா கேக்க ஆளில்ல. எழுதிக்கிட்டு மேல போங்க."

நெஸ்டா எழுந்தாள். முந்தின ராத்திரி பாடம் பண்ணி வைத்தது எல்லாம் மறந்துவிட்டது.

"எதிர்த்த பப்புக்குப் பன்னெண்டு வரைக்கும் பீர் ஊத்த அனுமதி குடுத்தீங்க. குடிச்சவங்களை வெறும் வயித்தோட வீட்டுக்கு அனுப்பறதுக்கா?"

"நல்ல கேள்வி, உக்காரு நெஸ்டா. ஹெவின், நீங்க சொல்லுங்க. சத்தமா, குப்பையா, குடிச்சவங்க ரகளையா? இதுக்குள்ள வந்தாத்தான் நாங்க கேக்க முடியும்."

"சத்தம்தாங்க."

"என்ன சத்தம்?"

"மாடிப்படில. பதினொண்ணு பத்துக்கு இவ ஏறி வர்ற சத்தம்."

நெஸ்டாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அதுக்குத்தானேம்மா மனுவுலயே எழுதியிருக்கேன்! இனிமே கடைக்குப் பின்னாலயே கட்டில் போட்டுப் படுத்துக்கறேன்னு. பாவம், இத்தனை வருஷமா மனுஷன் தூக்கத்தைக் கெடுத்துட்டேன்."

"கெட்டுதுன்னு யாரு சொன்னா?"

"நீதான் தினமும் முழிச்சுக்கறியே!"

"அலாரம் வெச்சு முழிக்கிறேன்டி."

எழுத்தரின் பேனா நின்றது.

"பதினொண்ணு அஞ்சுக்கு, தலகாணிக்கு அடியில. நீ சட்டியில மிஞ்சின அந்த மொறுமொறு தூள் பொட்டலத்தோட வருவே. ஏழெட்டு நிமிஷம் ஊர்க்கதை சொல்லுவே, நான் குறுக்கே பேசறதில்ல. அப்புறம் தூங்கிடுவேன். பன்னெண்டரைன்னா அது கிடையாது. கீழ படுத்தா சுத்தமா கிடையாது."

நெஸ்டா கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"இது எந்தத் தலைப்புல வரும்?" என்றார் கிளெனிஸ்.

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார். "எதுலயும் வராதுங்க. தொல்லை இல்லாம போயிடுமேங்கறதுதான் இவர் புகாரே."

5

முடிவு அ: அனுமதி இல்லை. ஹெவின் ஜெயிக்கிறார். ஒரு வருடத்தில் கடை மூடுகிறது. நெஸ்டா ஒன்பது மணிக்கே மாடி ஏறுகிறாள், சொல்ல ஊர்க்கதை இல்லாமல். [அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: அனுமதி உண்டு. அவர் அலாரத்தைப் பன்னிரண்டே முக்காலுக்கு மாற்றிக்கொள்கிறார். மூன்றாம் வாரம் சைக்கிளில் தூங்கி [இல்லை. இவரை எனக்குப் பிடித்துவிட்டது.]

முடிவு இ: அனுமதி உண்டு, ஒரு நிபந்தனையோடு: பதினொன்றிலிருந்து ரயில் வரும் பதினொன்றேகால் வரை கடை மூடியிருக்க வேண்டும். [இவ்வளவு கச்சிதமாக உட்காருவதாலேயே நம்பிக்கை வரவில்லை. கிளெனிஸ் சொன்னார்: "புருஷன் பெண்டாட்டி பேசிக்கறதுக்கு நிபந்தனை போட சட்டத்துல இடமில்லம்மா. அவங்களே கதவைச் சாத்திக்கிட்டா நாங்க தடுக்க மாட்டோம்."]

6

தீர்ப்பு ஐந்து வேலைநாளுக்குள் தபாலில் வரும் என்றார்கள். தபால் என்றால் ஹெவின்.

நான்காம் நாள் காலை பத்து மணி. நெஸ்டா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். நீலத் தாள் ஒட்டியிருந்த இடத்தில் நாலு மூலையிலும் பசை. அவர் உறையை நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?"

"தபால்காரன் படிக்கக் கூடாது."

"புருஷன் படிக்கலாமே."

"அவர் ரெண்டு மணிக்குத்தான் வருவார்."

அவள் சிரித்துவிட்டாள். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வினிகர் புட்டிக்குப் பின்னால் செருகினாள்.

"ரெண்டு மணிக்கு மெஷின் ஓடும். பதினொண்ணு பத்துக்கு மாடிக்கு எடுத்துட்டு வரேன். அதுல எது இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஏறி வருவேன், போதுமா?"

"பிரிக்காமலா?"

"பிரிக்காமதான். அலாரத்தை மட்டும் இனிமே தலகாணிக்கு வெளிய வை. கீழ எனக்கும் கேக்கட்டும்."

அவர் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார். தெருவில் யாருமில்லை, எதற்கு அடித்தார் என்று தெரியவில்லை.

உறை அங்கேயே இருக்கிறது. மதியக் கூட்டம் வரும்வரை கடை காலி. நெஸ்டா பின்கட்டில் கிழங்கு மூட்டை அவிழ்க்கிறாள். என்னைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். அவசரமென்றால் நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணெய்க் கை படாமல் திரும்ப ஒட்டி வைத்துவிடுங்கள். ராத்திரி அவர்கள் அதைப் புதிதாகப் பிரிக்க வேண்டும்.