கிணற்றின் பன்னிரண்டு அளவுகள்

ஆறுச்சாமி உறையின் வாயில் பசை தடவிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே அவன் அம்மா மயிலாத்தாள் குரலெடுத்து அழுதாள். அப்பா குப்பண்ணன் போய்விட்டார். எழுபத்து நாலாம் வருஷம், ஆவணி மாசம், எலப்புள்ளியில் உச்சிவேளை.

உறைக்குள் டெல்லி ஆய்விதழுக்குத் திருத்தி அனுப்பும் கட்டுரை இருந்தது. இன்றைய தபாலில் போகாவிட்டால் கெடு தவறிவிடும். இரண்டு வருஷப் பாடு வீண். அப்பா ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் தம் கிணற்றை அளந்து நோட்டில் எழுதிவைத்த தண்ணீர் மட்டம்தான் அதற்கு ஆதாரம். மாதத்தில் ஒரு நாள் மட்டும் தண்ணீர் ஏறுவது எப்படி என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்.

நேற்றுக் கட்டிலருகே போய்க் கேட்டான். "ஏனுங்கப்பா, அளக்காத நாளுக்கு மனசுல தோணுனத எழுதிப்போட்டீங்களா?"

"அளந்துதான் எழுதுனேன்." அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர் பிறகு அவனோடு பேசவில்லை. படித்த மகன் நம்பவில்லை. மாதம் ஒன்றாக வந்த அந்தப் பன்னிரண்டு அளவுகளும் குறித்தவரின் பிழை, நீக்கிவிடவும் என்று கட்டுரையோடு வைக்கும் பதிலில் தட்டச்சு செய்தான்.

துக்கத்துக்கு வந்த பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "கவரக் குடுங்க. மூணு மணிக்குத் தபாலு போயிருமுங்க."

கொடுத்துவிட்டு, அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கிணற்றில் இறங்கினான். நேற்றுப் பத்துப் படி இறங்க வேண்டியிருந்தது. இன்று ஏழாம் படியிலேயே கால் நனைந்தது.

"என்னுங்க, தண்ணி ஏறிக் கெடக்குது?"

மேலே நின்ற பங்காளி காளிச்சாமி சொன்னார். "இன்னிக்கு அமாவாசையல்லொ. எவன் மாடு பூட்டி எறைப்பான்?"

பிறந்து வளர்ந்த ஊரின் வழக்கம் மறந்துபோகக் கோயம்புத்தூர் கல்லூரி வேலை போதுமாயிருந்தது. குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினான். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியின் முனையில் ரத்தினசாமியை மறித்து, உறையைக் கிழித்து, அந்த வரியைப் பேனாவால் அடித்தான். அமாவாசையன்று இவ்வூரில் யாரும் இறைப்பதில்லை, அளவுகள் அனைத்தும் சரியானவை என்று மேலே எழுதி, தபாலாபீசில் வேறு உறை வாங்கிப் போடச் சொல்லிக் கொடுத்தான்.

திரும்பியபோது ஊரே அவனுக்காகக் காத்து நின்றது. காளிச்சாமி நிரப்பிய குடத்தை அவன் கையில் வைத்தார்.

"அப்பிடி என்னத்தடா எழுதப் போன?" என்றாள் மயிலாத்தாள்.

"அப்பா அளந்தது செரிதான்னு."

"அதத்தானே அவரு நேத்துச் சொன்னாரு."

ஆறுச்சாமி குடத்தைச் சாய்த்தான். அம்மாவைப் பார்த்தபடியே சாய்த்ததில் முதல் தண்ணீர் அப்பாவின் மேல் விழாமல் மண்ணில் போயிற்று.