சுவர் சுவிட்ச்

பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. சொர்ணவல்லி ரிமோட்டை மூன்றாம் முறை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் டிவி ஓட வைக்கிறவ. ஒன் வீட்டுல பாரு, கெரகணம் புடிச்ச மாதிரி கெடக்கு" என்றாள் மாமியார் முனியாயி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

சொர்ணவல்லி அன்னவாசலில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். டிவியோடு இணைக்கும் அந்தச் சின்னப் பெட்டியைச் செய்த கம்பெனி அதைக் கைவிட்டு எட்டு வருடம் ஆகிறது. பெட்டிகள் குப்பைக்குப் போகாமலிருக்க, முகம் தெரியாத சிலர் சேர்ந்து இலவசமாக மென்பொருள் எழுதினார்கள். ஆரம்பத்தில் பதினோரு பேர். இப்போது அவளும் கோயம்புத்தூர் அருணும். அருணுக்குப் போன மாதம் இரட்டைக் குழந்தை. அதன்பின் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் படித்துப் பார்த்துச் சேர்ப்பது அவள்தான். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. இன்றோடு போதும் என்று விலகல் கடிதம் எழுதி வைத்திருந்தாள். ஐந்து வரி.

லேப்டாப்பைத் திறந்தாள். நாற்பத்து மூன்று புகார்கள். எல்லாம் சிவப்பு விளக்கு, கறுப்புத் திரை. பாட்னாக்காரர் ஒருவர் மட்டும் திட்டவில்லை. அப்பா கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் என்ன சொல்ல என்று கேட்டிருந்தார்.

காரணம் போன வாரம் நார்வேக்காரர் ஒருவர் அனுப்பிய திருத்தம். டிவியை அணைத்ததும் பெட்டி தானாக மென்பொருளின் புதிய பதிப்பைத் தனக்குள் எழுதிக்கொள்ளும். வீட்டுப் பெட்டியைப் பள்ளி லேபுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தாள். அங்கே எந்நேரமும் மின்சாரம். களைப்பில் சரி என்று சேர்த்துவிட்டாள். நம் நாட்டில் டிவி பார்த்து முடித்தவர் சுவர் சுவிட்சைத் தட்டாமல் எழுந்திருப்பதில்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பெட்டி அப்படியே நின்றுவிடும். நார்வேக்காரருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும். முனியாயி சுவிட்சைத் தட்டும் சத்தத்தில்தான் இந்த வீடு தூங்கவே போகும்.

கணவன் சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தான். திருமயத்தில் அவன் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் காதுகுத்து.

"கெளம்பலையா? இன்னையோட முடிஞ்சுதுன்னியே."

"நான்தான் கெடுத்தேங்க. சரி பண்ணிட்டு வாரேன்."

"புதுப்பெட்டி வாங்கிக்கிறலாம்."

"நம்ம பெட்டி மட்டும் இல்லைங்க."

"எத்தன விசேஷத்துக்கு நான் மட்டும் போயி நிக்கிறது? கேக்குறவுகளுக்கு என்னன்னு சொல்ல?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மதியத்துக்கு மேல் சரிசெய்த பதிப்பு தயாரானது. பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினாள். எழுதி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். சோதிக்க அவளிடம் இருந்தது இந்த ஒரு பெட்டிதான். இந்த முறையும் பாதியில் நின்றால் அது இனி எழாது. சோதிக்காமல் மற்றவர்களுக்கு அனுப்பவும் முடியாது.

சிவப்பு விளக்கு மெல்ல விட்டுவிட்டு எரிந்தது. சித்தன்னவாசல் பக்கம் இடி உருண்டது. முனியாயி சுவர் சுவிட்சை அணைக்க எழுந்தாள்.

"அத்தே, தொட்டுறாதீங்க."

"இடி இடிக்குதுடி. அணைக்காம எப்புடி?"

"பன்னெண்டு நிமிசம். அம்புட்டுத்தான்."

முனியாயி சுவிட்சைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு அதன் அடியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

"இந்தக் கை சும்மா இருக்காது" என்றாள்.

சொர்ணவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் விலகல் கடிதம் அனுப்பாமல் திறந்தே கிடந்தது. இன்னொரு இடி. தலைக்கு மேல் ஃபேன் சத்தம் தாழ்ந்து, நிற்கப் பார்த்து, மறுபடி ஏறியது. இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.