துண்டுச் சீட்டில் ஒரு கிரேன்காரர்

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் புத்தகங்களை யாராவது எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க மாதம் ஒருமுறை நூலகத்துக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள், என் காதல் குறுநாவலின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

“பார்த்த முதல் நாளே ரெண்டு பேருக்கும் மூச்சுத் திணறுகிறது. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். மூச்சுத் திணறல் இப்படி இருக்காது. கதாநாயகிக்கு வேலை வெட்டி கிடையாதா? முப்பது பக்கமாக ஜன்னலோரம் நிற்கிறாள்.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

2

அவள் ஒரு சலவைக்காரி. அவள் கண்களில் ஆழ்ந்த

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். உயிரோடு இருக்கும் ஒருவரை ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கண்களைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது.)

அவர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்தார். வயது நாற்பத்தாறு. போர்வைகள், தலையணை உறைகள், அறுவை அறையிலிருந்து வரும் பச்சைத் துணிகள். ஆறு மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் பேச முயல்வதில்லை. ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம். இரண்டு சுற்றில் ஒரு குறுநாவல் முடிந்துவிடும். வேலை முடிந்தால் அண்ணன் வீட்டு மாடியறை. அண்ணி நல்லவர், சாப்பாட்டை மூடி வைத்திருப்பார். ஆனால் கீழே எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவர் வந்து சேர்வார்.

(இதெல்லாம் அவரே பிற்பாடு சீட்டுகளில் எழுதியது. நான் சேர்த்தது மூடி மட்டும்.)

3

நான் பதில் எழுதினேன். எழுத்தாளனே தன் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கினால் அசிங்கமாக இருக்குமே! நூலக ஜன்னல் வழியே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அதன் தலைக்கு மேல் மஞ்சள் கிரேன்.

“நான் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கிரேன் ஓட்டுகிறேன். எனக்கு இந்தக் கதை பிடித்திருந்தது” என்று எழுதிச் செருகினேன்.

பத்து நாளில் பதில் இருந்தது. “உயரத்தில் இருப்பவருக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும்.”

அப்புறம் நான்கு மாதம் எழுதிக்கொண்டோம். சீட்டு வைக்க, யாரும் தொடாத புத்தகமாக ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். அதுவும் என்னுடையதுதான், ஒரு விண்வெளிக் குறுநாவல்.*

அதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. “ஆறு வருடம் விண்கலத்தில் போகிறார்கள், ஒருநாள்கூடத் துணி துவைக்கவில்லை. நாறாதா? ஆனாலும் எனக்கு விண்வெளிக் கதைதான் பிடிக்கும். அதில் பிரிந்திருப்பதற்குத் தூரம் என்று ஒரு காரணமாவது இருக்கிறது. காதல் கதையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் திறந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். திறக்காமல் எண்பது பக்கம் ஓட்டுகிறார்கள்.”

கடைசிச் சீட்டு இது: “சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்துக்கு வர முடியுமா? விசேஷம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் பேசத்தான்.”

* ஏழு வருடத்தில் நான்கு தடவைதான் எடுத்திருந்தார்கள். அதில் மூன்று தடவை நான்.

4

இந்த இடத்தில் காதல் குறுநாவல் எழுதுகிறவன் என்ன செய்வான்? அவர் சிரிப்பார், இருவரும் டீ குடிப்பார்கள், வெளியே மழை பிடித்துக்கொள்ளும். விஞ்ஞானக் கதை எழுதுகிறவனாக இருந்தால் கிரேன் ஒரு சிக்னல் கோபுரமாக மாறி, வேறொரு கிரகத்திலிருந்து

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

5

அவர் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. கை விரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. என் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வெயிலில் கறுத்த கைகளைத் தேடிய அவருடைய பார்வை என்னைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போனது. இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு கேட்டேன். “கிரேன்காரரையா எதிர்பார்க்கிறீங்க?”

முகம் மலர்ந்தது. “ஆமாங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமா? வரலையா அவர்?”

“நான்தாங்க அது. கிரேன் எல்லாம் ஓட்டலை. கதை எழுதறவன். அந்த ரெண்டு புத்தகமும் நான் எழுதினதுதான்.”

அவர் என் கைகளைப் பார்த்தார். “உங்க புத்தகத்தை நீங்களே நல்லா இருக்குன்னு எழுதினீங்களா?”

“ஆமாங்க.”

“அப்போ மேல காத்து அடிச்சா கூண்டு ஆடும்னு எழுதினது? மதியச் சாப்பாட்டைக் கயித்துல கட்டி ஏத்துவாங்கன்னு சொன்னது?”

“நானா கற்பனை பண்ணினது. மன்னிச்சிடுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் மடியிலிருந்த பையின் காதைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“எங்க டிரையர் ரெண்டு மாசமா ரிப்பேர். பதினோரு மணிக்கு மொட்டை மாடியில துணி காயப்போடறேன்” என்றார். “அப்போ கிரேனைப் பார்த்துக் கையாட்டுவேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அங்கேர்ந்து ஒருத்தர் திரும்பக் கையாட்டுவாரு. தினமும். மழை தூறின அன்னிக்குக்கூட.” குரல் தணிந்தது. “அது யாருங்க?”

“தெரியாதுங்க. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சரி” என்றார். எழுந்து போய்விட்டார்.

6

ஜன்னலுக்குப் போய் நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம், கிரேன் அசையாமல் நின்றது. இங்கிருந்து பார்த்தால் அதன் கூண்டு தீப்பெட்டி அளவுதான், உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவர் ஈரத்துணிக் கூடையோடு மாடிக் கதவைத் திறப்பார். அதுவரை எழுதலாம், அது அவருடைய வேலை. அதற்கு மேல் அவர் கை எழுமா, முதுகைக் காட்டி நிற்பாரா என்று நான் எழுதப்போவதில்லை. அவருக்காக ஒரு ஆளைக் கற்பனை செய்து கொடுத்து அவரைப் படுத்தியது போதும். நீங்கள் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. மேலே இருக்கிறவர் என் பாத்திரமில்லை. எந்தச் சீட்டையும் படிக்காமல், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதமாகக் கையாட்டிய மனிதர்.

அவருக்கும் திங்கட்கிழமை விடியும்.