இடது பக்கச் சக்கரம்

பிரேக் மிதிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நெவில் கல்யாணமே செய்துகொண்டான் என்று இங்கிலாந்தின் கெட்டரிங் ஊர்க் கார் சங்கத்தில் ஒரு கேலி உண்டு. டோரீன் அதை மறுத்ததில்லை. பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்களின் சங்கம் அது. அங்கே எல்லா மனைவிமாருக்கும் வாய்த்தது அந்த ஒரே வேலைதான். புருஷன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவான். இவள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். "அமுக்கு" என்றால் அமுக்க வேண்டும். "பிடி" என்றால் கால் மரத்துப்போனாலும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "விடு" என்ற பிறகுதான் அடுப்பில் தீய்கிறதைப் போய்ப் பார்க்கலாம்.

இதைத் தவிர அந்தக் காரில் டோரீன் கை வைத்ததில்லை. ஓட்டியதும் இல்லை. "கிளட்ச் ரொம்ப முரடு, உனக்கு ஒத்து வராது" என்று அவன் ஒருமுறை சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் தன் சின்னக் காரில் கடைக்கும் நூலகத்துக்கும் போய்வந்தாள்.

நவம்பரில் நெவிலுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறி, கைத்தடியோடு நடக்கிறான். இடது கைதான் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து, "பிடிங்க" என்பாள். பந்து ஒவ்வொரு முறையும் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும். அதைவிடப் பெரிய கூத்து, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோனது. சாப்பாட்டுத் தட்டில் வலது பாதி மீனை மட்டும் தின்றுவிட்டு, "இன்னிக்கு ஏன் இவ்வளவு கொஞ்சமா வெச்சே?" என்று கேட்பான். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். "அட, இருக்கே" என்று மீதியையும் தின்பான்.

பிப்ரவரியில் அவனே சங்கத்துக்குப் போன் செய்து காரை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டான். ஓட்ட ஆளில்லாத காரை வைத்துக்கொண்டு பூஜையா பண்ண முடியும் என்றான். நான் ஓட்டுகிறேன் என்ற பேச்சு டோரீனின் தொண்டை வரைக்கும் வந்தது. பரிதாபப்பட்டுச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வானோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். அந்தக் கார் போய்விட்டால் இவன் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

கார்பியிலிருந்து கேரத் என்ற பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். திருப்பத்தில் ஒரு சக்கரம் கூடவும் மற்றது குறையவும் ஓட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் சண்டை வராமல் சுழற்சியைப் பங்கிட்டுக் கொடுக்கிற இரும்புக் குடம் அது. சனிக்கிழமை காலையில் டோரீன் அவனுடைய பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாள். நெவில் ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் செய்தான்.

"மூடியைத் தொடாத. முதல்ல எண்ணெய் ஊத்துற திருகு திறக்குதான்னு பாரு. பழசை வடிச்சப்புறம் அது திறக்கலைன்னா காரைக் கட்டிக்கிட்டு அழுவ வேண்டியதுதான்."

"அழுதவங்க சொன்னா கேட்டுக்கணும்."

"ஒரே ஒரு தடவைதான்."

"ரெண்டு தடவை. ரெண்டாவது, என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு. சர்ச்சுக்கு பஸ்ல போனோம்."

அழுகிய முட்டை வாடையடிக்கும் பழைய எண்ணெய் அவள் முடியிலும் இறங்கியது. புதியதை ஊற்றி, திருகை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேரத் போன் செய்தான். அந்த டிஃபரன்ஷியல் சாதா வகையா, மழையிலும் மண்ணிலும் வழுக்காத வகையா, பல் விகிதம் என்ன என்று கேட்டான்.

நெவில் வாயைத் திறந்தான்.  இரண்டுமுறை மாற்றிய பாகம் அது. இப்போது உள்ளே இருப்பது எது என்பது தலைக்குள் எங்கேயும் இல்லை. வகையும் விகிதமும் பொறித்து வழக்கமாக மூடித் திருகில் தொங்கும் தகரத் துண்டும் இதில் இல்லை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

"நானே மாட்டுனது டோரி. என் கையால மாட்டுனது, தெரியலையே" என்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்கென்ன, அதுகிட்டயே கேட்டுருவோம். எப்படிக் கேக்கணும்னு சொல்லு."

அவன் சொன்னான். காரின் பின்பக்கம் ஏற்கெனவே தாங்கிகளின் மேல் தூக்கி நிற்கிறது. கியரை நியூட்ரலில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் முன்னால் சுற்ற வேண்டும். மற்றது பின்பக்கமாகச் சுற்றினால் சாதா வகை. இதோடு சேர்ந்து முன்பக்கமே சுற்றினால் வழுக்காத வகை. அவள் ஸ்டூலை இடது சக்கரத்தருகே இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தாள். சும்மா கிடக்கிற கையை எதன் மேலாவது வையுங்கள் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்ததால், அவனுடைய இடது கையைத் தூக்கி டயரின் மேல் வைத்தாள். மறுபக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவனுடைய தொப்பி மட்டும் தெரிந்தது.

"சுத்துறேன். எந்தப் பக்கம் போகுது?"

"எந்தப் பக்கமும் போகல."

"என்னோடது நல்லா சுத்துதே."

தொப்பி அசையவில்லை. "அப்போ உள்ள பல்லு போயிருக்கும்" என்றான் கடைசியில். "விக்கறதுக்குக்கூட லாயக்கில்ல. எல்லாம் ஒரேயடியா முடிஞ்சுது." அவன் காரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று டோரீனுக்குத் தெரிந்தது. 

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். என்ஜினிலிருந்து வரும் தண்டு அவள் சக்கரத்தைச் சுற்றச் சுற்றத் தானும் சுற்றியது. "தண்டு சுத்துது நெவ்."

"சுத்துதா?" குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்படின்னா பல்லு நல்லாத்தான் இருக்கு. என் பக்கம் ஏதோ சக்கரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. பிரேக் கட்டை ஒட்டிக்கிட்டிருக்கும். வந்து பாரு."

அவள் சுற்றி வந்தாள். நெவில் கழுத்தை வலது பக்கம் வளைத்துப் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தான். இடது கை அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் விரல்கள் டயரின் பள்ளங்களுக்குள் இறங்கி, மடங்கி, முட்டிகள் வெளுத்திருந்தன. 

"என்ன, பிரேக்கா?"

"இல்ல."

"பின்ன எது பிடிக்குது?"

"நீதான்யா."

"நான் எதையும் பிடிக்கல."

"இந்தப் பக்கம் பாரு. இன்னும் இந்தப் பக்கம்." தட்டைத் திருப்பி வைப்பதுபோல அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

அடுத்த வீட்டுக்காரருடைய கையைப் பார்ப்பதுபோல அவன் அதை வெகுநேரம் பார்த்தான். "நானா?" என்றான்.

"வேற யாரு, கேரத்தா?"

அவன் கண் கலங்கியது. அவளும் அழுதாள். அழுதுகொண்டே எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்ததில் இரண்டு பேர் முகமும் கறுப்பானது. ஆனாலும் அவள் மனதில் ஒரு முள் இருந்தது. கை தானாக மடங்கிக்கொள்வதும் உண்டு, அதை நம்பிவிடாதீர்கள் என்று பயிற்சிப் பெண் எச்சரித்திருந்தாள். இது அவன் சொல் கேட்டுப் பிடித்த கையா, சும்மா மடங்கிய கையா? கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை அவன் மடியில் வைத்துவிட்டு மறுபடி சுற்றினாள். இடது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. "சாதாதான்" என்றான் நெவில். "இனி விகிதம். அதுக்கு ஒரு சக்கரம் அசையாம நிக்கணும். நீ மத்ததை ரெண்டு முழுச் சுத்து சுத்தணும். அதுக்குள்ள தண்டு எத்தனை சுத்துதோ அதுதான் கணக்கு."

"சக்கரத்துக்குக் கட்டையை முட்டுக் குடுக்கறேன், இரு."

"வேண்டாம்." அவன் வலது கையால் இடது கையைத் தூக்கி டயரின் மேல் வைத்தான். முகத்தைத் தானாகவே இடது பக்கம் திருப்பினான். "நீ சொல்லு, நான் பிடிக்கறேன்."

தண்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு டோரீன் தன் இடத்துக்குப் போனாள்.  முப்பது வருஷமாகக் கேட்ட சொல்லை முதல்முறையாகத் தான் சொன்னாள்.

"பிடி."

சுற்றினாள். கால் சுற்றிலேயே மறுபக்கம் டயர் வழுக்குகிற சத்தம் கேட்டது. "நழுவிருச்சு" என்றான். அவள் சக்கரத்தை அசைத்துச் சாக்பீஸ் கோட்டை மறுபடி மேலே கொண்டுவந்தாள்.

"பிடி நெவ்."

இந்த முறை மெதுவாகச் சுற்றினாள், தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில். தண்டு நகர்ந்தது. கோடு கீழே போய் மேலே வந்தது, மறுபடி போனது. மறுபக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டாவது சுற்றும் முடிந்தது.

"நாலு சுத்துக்கு ஒரு விரல் குறைச்சல்."

"மூணு புள்ளி ஒன்பது" என்றான் நெவில். பிறகு, "லெஸ்டர்ல அந்தப் பழைய இரும்புக் கடை. கொட்டுற மழைல நான் கழட்டுனேன். நீ எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னே. செருப்பு பூரா சேறு. திட்டிக்கிட்டே பிடிச்சே."

"உனக்கு எங்க பிடிச்சேன், அந்த டிஃபரன்ஷியலுக்குப் பிடிச்சேன்" என்றாள் டோரீன். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

மேசைமேல் போன் அடித்தது. கேரத்தாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் அசையவில்லை. கணக்கு முடிந்துவிட்டது. இனி அவள் 'விடு' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"டோரி."

"ம்."

"சாதா வகை, மூணு புள்ளி ஒன்பதுன்னு சொல்லு. கார் விக்கறதுக்கில்லைன்னும் சொல்லிடு." பிறகு, "அந்தக் கிளட்ச்சைத் தளர்த்தி வெக்கலாம். உன் காலுக்கு ஏத்த மாதிரி" என்றான்.

"நானா சொல்லணும்? போன் உன் பக்கத்துலதானே இருக்கு. எட்டி எடேன்."

நெவிலின் வலது கை வெறுமனே முழங்கால்மேல் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. டயரின் மேலிருந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயே வந்து எடு" என்றான். "என் கை வேலையா இருக்கு."