மாமா மாட்டிய பை

மாமாவின் பழைய லாரிக்குப் பல வருடங்களாக ஹேண்ட் பிரேக் என்பது சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கல்தான். போன வாரம் அவர் கல் வைக்க மறந்தார். வண்டி தானாக உருண்டுபோய் அக்காவின் துணிக்கொடியை அறுத்தது. அக்கா போட்ட சத்தத்தில் மாமா வண்டியை என் பட்டறைக்கு ஓட்டிவந்தார்.

பின் சக்கர டிரம்களைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் ஷூக்களை மாற்றினேன். துருப்பிடித்து இறுகிய ஹேண்ட் பிரேக் கேபிளுக்குப் பதில் புதிது போட்டேன். லிவரை இழுத்தால் வண்டி மேட்டில்கூட ஆணி அடித்த மாதிரி நின்றது.

மறுநாளே மாமா முகம் சிவக்க வந்து இறங்கினார்.

"என்னத்த மாப்ளே கிழிச்ச? வண்டி இழுக்கவே மாட்டேங்குது! பின்னாடி கருகுற நாத்தம் வேற!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. கதவைத் திறந்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக் லிவர் மேலே இழுத்தபடியே இருந்தது. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை ஒய்யாரமாகத் தொங்கியது.

"மாமா, இதை இறக்காமயா ஓட்டினீங்க?"

"இறக்கினா பை கீழ விழுந்துடுதே! எப்பவும் அங்கதானே மாட்டுவேன்?"

பல்லைக் கடித்துக்கொண்டு, கருகிய ஷூக்களை மறுபடி மாற்றினேன். கையோடு கதவில் ஒரு கொக்கியும் அடித்தேன். மாமா பையை அதில் மாட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"இதை முதல்லயே அடிச்சிருந்தா, டிரம்மையே கழட்ட வேண்டி வந்திருக்காதே மாப்ளே!"